குலை நோய் தாக்கும்போது நெற்பயிருக்குள் என்ன நடக்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலை நோய்க்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டால் பதில் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கேள்வி வேறு. பூஞ்சை இலையில் வந்து உட்கார்ந்த பிறகு செடி என்ன செய்கிறது? எதைச் சமைக்கிறது, எதை நிறுத்துகிறது, அந்தச் செலவுக்கு எங்கிருந்து எடுக்கிறது? இதைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம். நெல்லில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பூஞ்சை நோய் குலை நோய் என்பதால் அதையே மையமாக வைத்துக்கொண்டேன். மற்ற நோய்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

குலை நோய் என்றால் எது? இலையில் வரும் எல்லாப் புள்ளியும் அதுதானா?

இல்லை. இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறத்தில், ஓரம் பழுப்பாக, பார்க்கக் கண் மாதிரி இருக்கும் புள்ளிதான் குலை நோய். இலங்கையில் எரிபந்தம் என்பார்கள். கணுவிலும் வரும், கதிரின் கழுத்திலும் வரும். கழுத்தில் வந்தால் கதிர் பதராகிவிடும். காரணம் மேக்னபோர்தே ஒரைசே என்ற பூஞ்சை.

சீனாவில் 1637-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் முதலில் பதிவானது நம் தஞ்சாவூர் டெல்டாவில், 1913-ல். 1919-ல் அங்கேயே பெரிய அளவில் பரவி விளைச்சலைக் காலி செய்தது.

பூஞ்சை எப்படி உள்ளே நுழைகிறது?

இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். மூன்று அறைகள் கொண்ட வித்து ஒன்று காற்றில் வந்து இலையில் ஒட்டிக்கொள்கிறது. பனித்துளி போதும், சில மணி நேரத்தில் முளைத்துவிடும். முளையின் நுனி வட்டமான ஒரு குமிழாக வீங்கும். அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கரும்பொருளைப் பூசிக்கொள்ளும். நம் தலைமுடிக்குக் கறுப்பு தருகிற அதே வகைப் பொருள்தான். உள்ளே கிளிசரால் சேர்ந்துகொண்டே போகும். கிளிசரால் தண்ணீரை இழுக்கும். மெலனின் பூச்சு கிளிசராலை வெளியே விடாது. அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த வேகத்தில் மெல்லிய ஊசி மாதிரி ஒரு முளையை இலைத்தோலுக்குள் இறக்கிவிடும்.

ஒரு நாளுக்குள் முதல் செல்லுக்குள் போய்விடும். அடுத்த இரண்டு மூன்று நாள் செல்லைக் கொல்லாமல் உயிரோடு வைத்தே தின்னும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் நுண்துளை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். பிறகுதான் கொல்ல ஆரம்பிக்கும். நாம் புள்ளியைப் பார்ப்பது நான்காம் ஐந்தாம் நாள். அதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

செடிக்குக் கண் கிடையாது, மூக்கு கிடையாது. பூஞ்சை வந்தது எப்படித் தெரியும்?

பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். செடியில் கைட்டின் கிடையாது. அதனால் கைட்டின் துணுக்கு பட்டாலே அந்நியன் வந்துவிட்டான் என்று அர்த்தம். நெல் செல்லின் வெளிப்புறத்தில் அதைப் பிடித்துப் பார்க்கும் ஒரு புரதம் இருக்கிறது. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள், செபிப் என்று பெயர்.

பூஞ்சையும் சும்மா இருக்காது. தன் சுவரின் மேல் இன்னொரு சர்க்கரைப் போர்வையைப் போட்டு கைட்டினை மறைக்கும். மீறி உதிரும் துணுக்குகளைச் செடியின் புரதம் தொடுவதற்கு முன்பே பொறுக்கிக்கொள்ளத் தனியாக ஒரு புரதத்தைச் சுரக்கும். திருடன் கைரேகையைத் துடைத்துக்கொண்டே போவது போல.

தெரிந்ததும் செடி செய்யும் முதல் வேலை என்ன?

ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பது. சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குகிறோமே, அதே பொருள்தான். பூஞ்சையை நேராகவும் தாக்கும், செல்சுவரை இறுக்கவும் உதவும், பக்கத்துச் செல்களுக்குத் தகவலாகவும் போகும்.

ஆனால் இது செடியையே பொசுக்கக்கூடியது. அதனால் சாதாரண நாட்களில் இதை உடைத்துப் போடும் நொதிகளும் செடியிலேயே உண்டு. யார் ஜெயிப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கணக்கைப் பொறுத்தது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் திகு என்று ஒரு பழைய ரகம், பல வகைக் குலை நோய்ப் பூஞ்சைகளைத் தாங்கும். ஏன் என்று தோண்டியவர்கள் 2017-ல் கண்டுபிடித்தது, ஒரே ஓர் எழுத்து மாற்றம். பெராக்சைடை உடைக்கும் நொதிகளுக்கு உத்தரவு போடும் ஜீன் ஒன்றின் முகப்பில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தது. உத்தரவு குறைந்தது, நொதி குறைந்தது, பெராக்சைடு தங்கியது, பூஞ்சை தோற்றது. புதிதாக ஆயுதம் எதுவும் வரவில்லை. இருக்கிற ஆயுதத்தைத் தானே முனை மழுக்கிக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

செடி தானே மருந்து செய்துகொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து வகை. பொதுப்பெயர் ஃபைட்டோஅலெக்சின். நோய் வராத இலையில் இவை இல்லை அல்லது மிகக் குறைவு. பூஞ்சை வந்த பிறகுதான் அடுப்பு பற்றவைக்கப்படும்.

பெரும்பாலானவை ஒரே குடும்பம்: மோமிலாக்டோன், ஃபைட்டோகசேன், ஒரைசலெக்சின். 20 கார்பன் கொண்ட ஒரே மூலப்பொருளிலிருந்து பிறப்பவை. மோமிலாக்டோனை 1973-ல் முதலில் பிரித்தெடுத்தது நெல் உமியிலிருந்து. ஜப்பானிய மொழியில் மோமி என்றால் உமியோடு கூடிய நெல். முளைப்பதைத் தடுக்கும் பொருள் என்றுதான் அப்போது நினைத்தார்கள். நோயுற்ற இலையிலும் இது சுரக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. வேர் வழியாக வெளியே கசிந்து பக்கத்தில் முளைக்கும் களையை அடக்கும் வேலையும் இதற்கு உண்டு. இதில் ஒரு வேடிக்கை, நெல்லின் பரம வைரியான குதிரைவாலிக் களையும் இதே மோமிலாக்டோனைத் தயாரிக்கும் ஜீன் தொகுப்பை வைத்திருக்கிறது!

குடும்பத்துக்கு வெளியே ஒருவர் உண்டு, சகுரனெட்டின். செர்ரி மரப்பட்டையில் முதலில் அறியப்பட்டதால் அந்தப் பெயர். ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் நரின்ஜெனின் என்ற பொருளில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டினால் சகுரனெட்டின். ஒரே ஒரு படிதான். ஆனால் அந்த ஒட்டுவேலையைச் செய்யும் நொதியைக் கண்டுபிடிக்க 2012 வரை ஆனது.

மோமிலாக்டோன் சமைக்கும் ஜீன்கள் 4-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் கூட்டாக உட்கார்ந்திருக்கின்றன. ஃபைட்டோகசேனுக்கு 2-ஆம் குரோமோசோம். செடிகளில் ஒரு பொருளின் ஜீன்கள் இப்படி அக்கம்பக்கமாக இருப்பது எப்போதும் நடப்பதில்லை. ஒரே மெயின் சுவிட்சில் வீட்டின் எல்லா விளக்கையும் போடுவது மாதிரி வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை மருந்து இருந்தும் ஏன் நோய் வருகிறது?

நேரம். தாங்கும் ரகத்தில் இவை சீக்கிரம் சுரந்து, பூஞ்சை இருக்கும் செல்லைச் சுற்றி அடர்த்தியாகச் சேரும். தாங்காத ரகத்திலும் சுரக்கும், சில சமயம் நிறையவே சுரக்கும், ஆனால் பூஞ்சை அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு. தீயணைப்பு வண்டி வந்தது உண்மை, வீடு எரிந்ததும் உண்மை.

இரண்டாவது, பூஞ்சைக்கும் மாற்று மருந்து தெரியும். சகுரனெட்டினை வீரியம் குறைந்த வேறு பொருளாக மாற்றிவிடும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மோமிலாக்டோன் தயாரிக்கவே முடியாத நெல்லை உருவாக்கிப் பார்த்த ஆய்வுகளில், குலை நோய் கூடியது என்று ஒன்று சொன்னது, பெரிய வித்தியாசம் இல்லை என்று இன்னொன்று சொன்னது. ஆகவே தனியாக எந்த ஒரு பொருளையும் நாயகனாக்கி எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

நெல்லில் செரோட்டோனின் இருக்கிறதாமே? அது மூளையில் இருப்பதாயிற்றே?

அதே மூலக்கூறுதான். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து டிரிப்டமின், அதிலிருந்து செரோட்டோனின். நெல்லுக்கு மனநிலை கிடையாது. அது இதைச் சுவர் பூசப் பயன்படுத்துகிறது. செம்புள்ளி நோயில் புள்ளியைச் சுற்றி ஓர் அடர்பழுப்பு வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே செல்சுவரோடு செரோட்டோனின் பிணைந்து இறுகியிருக்கிறது. பூஞ்சை பரவாமல் வேலி கட்டியிருக்கிறது செடி.

ஜப்பானில் செகிகுச்சி என்ற ஒரு பிறழ்வு நெல் உண்டு. கடைசிப் படியைச் செய்யும் நொதி அதில் வேலை செய்யாது. பழுப்புக்குப் பதிலாக இலையில் ஆரஞ்சு நிறத் திட்டுகள் வரும். பழுப்பு நிறத்துக்குக் காரணம் யார் என்று காட்டிக்கொடுத்தது அந்தச் செடிதான்.

ஆனால் 2018-ல் வந்த ஓர் ஆய்வு குட்டையைக் குழப்பியது. செரோட்டோனின் செய்ய முடியாத நெல்லைப் புகையானும் தண்டுத் துளைப்பானும் அவ்வளவாக விரும்பவில்லை! செரோட்டோனினும், செடியின் தற்காப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலமும் கோரிஸ்மேட் என்ற ஒரே வாய்க்காலில் இருந்து பிரிகின்றன. ஒரு மடையை அடைத்தால் மற்றதில் தண்ணீர் கூடும். பூஞ்சைக்கு வேலியாக இருக்கும் பொருள் பூச்சிக்கு வசதியாகவும் இருக்கிறது. செடி எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு லேசான விடை கிடையாது.

யூரியா அதிகம் போட்டால் குலை நோய் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு அறிவியல் காரணம் உண்டா?

உண்டு, ஒன்றுக்கு மூன்றாக உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கண்ணுக்குத் தெரிவது முதல் காரணம். தழைச்சத்து கூடினால் பயிர் கருகருவென்று அடர்ந்து நிற்கும். உள்ளே காற்று புகாது, காலைப் பனி வெயில் ஏறியும் காயாது. வித்து முளைக்க அதுவே போதும். கார்த்திகை மார்கழியில் சம்பா, தாளடிப் பயிரில் இரவு குளிர்ந்து பனி கொட்டும்போது கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, செடியின் கார்பன் கணக்கு. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரை இரண்டு பக்கம் போகலாம். வந்த தழைச்சத்தோடு சேர்ந்து அமினோ அமிலம், புரதம் என்று புதுத் திசு ஆகலாம். அல்லது லிக்னின் மாதிரி சுவரை உறுதியாக்கும் பொருளாகலாம். யூரியா கொட்டினால் முதல் பக்கம்தான் இழுபறியில் ஜெயிக்கும். இலை அகலமாகும், மென்மையாகும். சுவரில் லிக்னினும் சிலிக்காவும் குறையும். லிக்னின் தொடங்குவதே ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைக் கழற்றுவதில்தான். ஆக, வளர்ச்சியும் தற்காப்பும் ஒரே கிடங்கிலிருந்து சாமான் எடுக்கின்றன.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. தழைச்சத்து மிகுந்த இலையில் குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்கள் தனியாக மிதந்துகொண்டிருக்கும். பூஞ்சைக்கு அது சமைத்து வைத்த சாப்பாடு. நெல், பூஞ்சை இரண்டின் ஜீன் செயல்பாட்டையும் ஒரே நேரத்தில் அளந்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. செடியின் தற்காப்பு சரிந்ததால்தான் நோய் கூடுகிறது என்று நாம் நினைப்போம். அதில் தெரிந்தது வேறு: பூஞ்சையின் வீரியம்தான் கூடியிருந்தது. செடியை மயக்க அது சுரக்கும் புரதங்களுக்கான ஜீன்கள் கூடுதலாக வேலை செய்தன.

மேலுரத்தைப் பிரித்துப் போடுங்கள், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுங்கள் என்று வேளாண்மைத் துறை சொல்வதன் பின்னணி இதுதான். புள்ளி தெரிந்த வயலில் மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியாவைத் தூக்கிப் போடுவது நெருப்பில் நெய் வார்ப்பது.

அப்படியானால் உரமே போடாமல் விட்டால் பூஞ்சை வராதா?

வேறொன்று வரும். செம்புள்ளி நோய், அதாவது பைபோலாரிஸ் ஒரைசே பூஞ்சை, சத்தில்லாத மண்ணிலும் தண்ணீருக்குத் தவிக்கும் பயிரிலும் தான் தலைதூக்கும். பட்டினி கிடக்கும் செடியிடம் மருந்து சமைக்கச் சாமானே இருக்காது. 1942-ல் வங்காளத்தில் நெல்லை அழித்தது இந்த நோய். அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தில் இதன் பங்கு எவ்வளவு, போர்க்கால விலையேற்றத்தின், அரசின் பங்கு எவ்வளவு என்று இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் பூஞ்சையை மட்டும் குற்றவாளியாக்குவது ஆட்சியாளர்களைத் தப்பவிடுவது.

பூஞ்சை செடியின் சமையலறையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியுமா?

முடியும். அதற்கு மிகப் பழைய சாட்சி ஜப்பானியர்கள் பக்கானே என்று சொல்லும் நோய். முட்டாள் நாற்று என்று பொருள். நாற்று வெளிறிப்போய்க் கிடுகிடுவென்று உயரும், பிறகு சாயும். 1926-ல் தைவானில் பணியாற்றிய குரோசாவா, பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாமல் அந்த நீரை மட்டும் கொடுத்தாலும் நாற்று நெடுநெடுவென வளர்கிறது என்று காட்டினார். அந்த நீரில் இருந்த பொருளுக்கு 1935-ல் ஜிப்ரெல்லின் என்று பெயர் வைத்தார்கள். அது செடிகளின் சொந்த ஹார்மோன் என்பது பின்னால்தான் தெரிந்தது. செடியின் பாஷையிலேயே பூஞ்சை பொய் சொல்லியிருக்கிறது.

இன்னொரு விஷயம். மோமிலாக்டோன் பிறக்கும் அதே 20 கார்பன் மூலப்பொருளில்தான் நெல் தன் ஜிப்ரெல்லினையும் செய்கிறது. வளர்வதா, சண்டை போடுவதா என்ற பாதைப் பிரிவு மூலக்கூறு அளவிலேயே இருக்கிறது.

குலை நோய்ப் பூஞ்சை இவ்வளவு வெளிப்படையாகச் செய்வதில்லை. ஆனால் அது நுழைந்த இலையில் புள்ளி தெரிவதற்கு முன்பே மாலிக் அமிலமும், லிக்னினாக மாறாமல் தேங்கிய முன்னோடிப் பொருட்களும் கூடுவதை அளந்திருக்கிறார்கள். செங்கல் வந்து இறங்கியிருக்கிறது, கொத்தனாரை யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று படித்துக்கொள்ளலாம்.

இலையில் நாலு புள்ளிதானே, விளைச்சல் ஏன் அவ்வளவு குறைகிறது?

புள்ளியின் பரப்பை மட்டும் கணக்குப் பார்ப்பதால் வரும் ஏமாற்றம் இது. புள்ளியைச் சுற்றியுள்ள பச்சைப் பகுதியும் ஒளிச்சேர்க்கையைக் குறைத்துக்கொள்கிறது. இலைக் குலை நோயில், தெரியும் புள்ளியைப்போல ஏறத்தாழ 3 மடங்கு பரப்பு வேலை செய்யாமல் போவதற்குச் சமமான இழப்பு என்று 1990களின் தொடக்கத்தில் அளந்தார்கள். போதாததற்குச் சுவாசம் வேறு கூடும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் மாதிரி.

எப்போதும் தற்காப்பிலேயே இருக்கும் நெல்லை உருவாக்கினால் என்ன?

செய்து பார்த்திருக்கிறார்கள். செடி குட்டையாகும், இலையில் தானாகவே செத்த புள்ளிகள் வரும், மணி குறையும். ஊரில் எல்லோரும் காவலுக்கு நின்றால் உழுவது யார்?

அதனால் தேவைப்படும்போது மட்டும் மாறும் வழிகளைத் தேடுகிறார்கள். ஐபிஏ1 என்ற ஜீன் கதிரில் மணிகளைக் கூட்டுவதற்காக ஏற்கெனவே பெயர் பெற்றது. பூஞ்சை வந்ததும் அந்த ஜீன் தரும் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. உடனே அது தற்காப்பு ஜீன்களை எழுப்புகிறது. இரண்டு நாளில் பாஸ்பேட் கழன்று பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. சீன ஆய்வாளர்கள் 2018-ல் இதை வெளியிட்டார்கள்.

சிலிக்கா போட்டால் பயன் உண்டா?

உண்டு. நெல் சிலிக்காவை விரும்பி உறிஞ்சும் பயிர், உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட சேர்க்கும். வைக்கோல் கையை அறுப்பது அதனால்தான். இலைத்தோலுக்கு அடியில் படிந்து ஊசியை மறிக்கும் என்பது பழைய விளக்கம். சிலிக்கா கிடைத்த செடியில் பூஞ்சை வந்தபோது மோமிலாக்டோன் அதிகமாகச் சுரந்ததையும் பார்த்திருக்கிறார்கள், ஆகவே வெறும் கவசம் மட்டும் இல்லை. உமிச் சாம்பலையும் வைக்கோலையும் வயலுக்குத் திருப்பிக் கொடுப்பது மலிவான வழி.

கடையில் விற்கும் மருந்துகள் இதில் எந்த இடத்தில் வேலை செய்கின்றன?

டிரைசைக்ளசோல் பூஞ்சையைக் கொல்வதே இல்லை. மெலனின் தயாரிப்பை மட்டும் நிறுத்துகிறது. பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. அதனால்தான் முன்கூட்டியே அடிக்க வேண்டும்; உள்ளே போன பூஞ்சைக்கு மெலனின் எதற்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்தில் இதன் எச்ச வரம்பை 0.01 பிபிஎம் ஆகக் குறைத்ததால் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு தனிக்கதை.

ஜப்பானில் 1970களிலிருந்து புரோபெனசோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது செடியை எழுப்பிவிடும் ரகம். சாலிசிலிக் அமிலப் பாதையைத் தயார் நிலையில் வைக்கும், பூஞ்சை வந்தால் செடியே பார்த்துக்கொள்ளும். விதை நேர்த்திக்குச் சொல்லப்படும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் ஒரு பகுதி இப்படித்தான் உதவுகிறது.

கோ 39 ரகத்துக்கும் குலை நோய்க்கும் என்ன சம்பந்தம்?

கோயம்புத்தூரில் பிறந்த இந்த ரகம் குலை நோய்க்கு எளிதில் விழும். அந்தக் குறையே அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் நோய் நிச்சயம் வர வேண்டிய ஒப்பீட்டுச் செடியாக இதைத்தான் வைக்கிறார்கள்.

ஆனால் கோ 39 முழுக்க ஏமாளி இல்லை. ஒரு வகைப் புல்லைத் தாக்கும் இதே இனப் பூஞ்சையில் உள்ள ஒரு புரதத்தை அது சரியாக அடையாளம் கண்டு தடுத்துவிடும். அந்தப் பூஞ்சைப் புரதத்துக்கு இன்று உலகம் முழுக்க ஏவிஆர்1-கோ39 என்றுதான் பெயர். நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை அந்தப் புரதத்தையே கழற்றி எறிந்துவிட்டன.

வரப்பில் நின்றே, செடி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள், பெரிதாகாமல் அப்படியே நின்றால் செடி ஜெயித்துக்கொண்டிருக்கிறது. பூஞ்சை நுழைந்த செல்லைச் செடியே கொன்று, சுற்றிலும் அடைத்துவிட்டது என்று பொருள். நடுவே சாம்பல் பூத்துக் கண் வடிவில் நீண்டால் தோற்கிறது. அந்தச் சாம்பல் பகுதியில் இரவுதோறும் ஆயிரக்கணக்கில் வித்துகள் உருவாகும். புதிதாக விரிந்த இளம் இலைகளைப் பாருங்கள். முதிர்ந்த இலைகள் பொதுவாகவே நோயை அதிகம் தாங்குவதால், அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் நிலவரம் தெரியாது.